தொடாத கார்டுக்குக் கட்டணம்

அன்று காலை பல்செட்டுக்காரர் ஒரு சபதம் எடுத்தார். அந்த பேங்க்கை ஒரு கை பார்த்துவிடுவது. ஒரு கை போதாவிட்டால் இரண்டு கையாலும் பார்ப்பது. பொழுது சாய்வதற்குள் அந்த பேங்க் வந்து தன் காலில் விழ வேண்டும். பேங்க்குக்கு விழுவதற்கு உடம்பு கிடையாது என்பதெல்லாம் அந்த ஆவேசத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

சபதம் எடுத்த இடம் பல் லேபின் பின்னறை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அதற்கு அச்சு வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, முழுச் செட்டாகத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கையால் ஆனது. அன்றைக்கும் எதிரே தட்டில் நாலைந்து செட்டுகள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அவை எப்போதும் சிரிப்பவைதான். அன்றைக்கு மட்டும் அது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு துணியை எடுத்து மூடினார்.

விஷயம் இதுதான். போனில் ஒரு செய்தி வந்திருந்தது. அவர் தன் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தவே இல்லையாம். அதற்கு ஒரு கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கட்டாததற்கு இன்னொரு கட்டணம். இரண்டு கட்டணத்துக்கும் சேர்த்து வரி.

பணம்கூடப் பெரிதில்லை. அப்படி ஒரு கார்டு இருப்பதே அவர் மனைவிக்குத் தெரியாது. அதுதான் பெரிது.

முன்னொரு காலத்தில் அவரிடம் ஒரு கார்டு இருந்தது. அதை வைத்து முதுகு பிடித்துவிடும் நாற்காலி ஒன்று வாங்கினார். முதல் நாளே அது அவர் முதுகைப் பிடித்தது, பிடித்ததை விடவில்லை. மனைவி ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வெளியே வந்தார். நாற்காலியிடமிருந்து வந்துவிட்டார், தவணையிடமிருந்து வர முடியவில்லை. கடைசியில் மனைவிதான் தன் சேமிப்பை உடைத்துக் கடனை அடைத்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. இஸ்திரி போட வேண்டிய துணிகளை அந்த நாற்காலியில் குவித்து வைத்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு அவரே மனசு நெகிழ்ந்து, இனிமேல் ஜென்மத்துக்கும் கிரெடிட் கார்டைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்குக் கொடுத்தவர் அப்புறம் ஏன் வாங்கினார் என்று கேட்டால், லேபுக்கு வந்த பேங்க் ஆள் அவரை மூன்று தடவை 'ஐயா' என்று கூப்பிட்டான். வாழ்நாள் முழுக்க இலவசம் என்றான். கையெழுத்துப் போட்டதும் ஒரு பயணப் பையும் கொடுத்தான். வந்த கார்டை ஒரு பழைய மேல்தாடை அச்சுக்குள் செருகி வைத்தார். தொடமாட்டேன் என்ற வாக்கின்படி அதற்கப்புறம் தொடவும் இல்லை. அந்த நேர்மைக்குத்தான் இப்போது கட்டணம் வந்திருந்தது.

வாடிக்கையாளர் சேவை எண்ணைப் போட்டார்.

கார்டு தொலைந்திருந்தால் ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு குரல். கடன் வேண்டுமென்றால் இரண்டு. இன்னொரு கார்டு வேண்டுமென்றால் மூன்று. திட்டுவதற்கு எந்த எண் என்று மட்டும் சொல்லவில்லை. குத்துமதிப்பாக எதையோ அழுத்தினார். புல்லாங்குழல் வாசித்தார்கள். நடுநடுவே காத்திருப்பதற்கு நன்றி என்றார்கள். பொறுமைக்கு நன்றி என்றார்கள். எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்றார்கள். அந்த பேங்க்கிலிருந்து அவருக்குத் தாராளமாகக் கிடைத்தது அந்த நன்றி ஒன்றுதான். வாசிப்பு ஓய்வதற்குள் ஒரு கீழ்த்தாடைக்கு முழுசாகப் பல் அடுக்கிவிட்டார்.

கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. "வணக்கம் சார், சொல்லுங்க."

"என்னத்தைம்மா சொல்றது? கார்டை நான் தொடவே இல்லை. எதுக்குக் கட்டணம்?"

"தொடாததுக்குத்தான் சார்."

"தொட்டிருந்தா?"

"கட்டணமே கிடையாது சார். வருஷத்துக்கு ஒரு தடவை பயன்படுத்தியிருந்தாப் போதும்."

"வாழ்நாள் முழுக்க இலவசம்னு சொன்னாங்களே?"

"கார்டு இலவசம் சார். சும்மா வச்சிருக்கறதுக்குத்தான் கட்டணம்."

பல்செட்டுக்காரர் பல்லைக் கடித்தார். சொந்தப் பல்.

"சரி, இப்ப என்னம்மா வழி?"

"ரத்து பண்ணச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடணும். இல்லேன்னா நினைவூட்டுக் கடிதம் வீட்டு முகவரிக்குப் போயிடும்."

"வீட்டுக்கா!" அவர் குரல் கீச்சென்றது. "ஐயோ வேண்டாம்மா. இப்பவே ரத்து பண்ணுங்க. புண்ணியமாப் போகும்."

"பண்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு பாதுகாப்புக் கேள்வி. உங்க கல்யாண தேதி சொல்லுங்க."

அவர் சட்டென்று திரும்பி ஃபர்னஸைப் பார்த்தார்.

ஃபர்னஸ் என்பது பீங்கான் பல்லைச் சுட்டு எடுக்கும் மின் அடுப்பு. வருஷம் ஒரு தடவை, குறிப்பிட்ட ஒரே தேதியில், கம்பெனி மெக்கானிக் வந்து அதைச் சர்வீஸ் செய்வார். பல்செட்டுக்காரர் தன் கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது லேப் முதலாளி, "ஃபர்னஸ் சர்வீஸ் சமயந்தானே, போயிட்டு வாப்பா" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பல்செட்டுக்காரர் கணக்கில் ஃபர்னஸ் சர்வீஸ்தான் கல்யாண நாள். மெக்கானிக் வாசலில் தலையைக் காட்டியதும் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. கல்யாண நாளை மறக்காத புருஷன் நான் ஒருத்தன்தான் என்று முதலாளியிடம் பெருமை வேறு. பேங்க் ஆள் தேதி கேட்டபோதும் ஃபர்னஸின் முதுகில் ஒட்டியிருந்த சர்வீஸ் சீட்டைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தார்.

இப்போது அங்கே நின்றது புது ஃபர்னஸ். போன மாதம் வந்தது. முதுகு வழவழவென்று இருந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா? ரெண்டு வாய்ப்புத்தான் சார். ரெண்டும் தப்பாப் போனா கணக்கு பூட்டிக்கும்."

"நாளைக்குக் கூப்பிடறேம்மா," என்று வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் ஜன்னலில் அவளுக்கு உத்தியோகம். பகல் பூராவும் ஊரே வந்து திட்டும். அத்தனையையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு வந்து இங்கே சமையலும் செய்வாள். அவளிடம் நேரடியாகக் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அவர் சுற்றி வளைத்தார்.

"ஏம்மா, நம்ம கல்யாணத்தன்னைக்கு நல்ல மழை, இல்ல?"

"வெயில் மண்டையைப் பிளந்துச்சு."

"ஆமாமா, வெயிலு. அது... மாசத்து ஆரம்பத்து வெயிலா, கடைசி வெயிலா?"

கத்தி நின்றது. "மார்ச் பதினாலு. எதுக்கு?"

"சும்மாதான். லேப்ல பேச்சு வந்துச்சு."

"லேப்ல நீங்களும் பல்லும்தானே இருக்கீங்க? எது பேசிச்சு?"

அவர் போய்த் தண்ணீர் குடித்தார். இரண்டு டம்ளர் குடித்தார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. காரியம் முடிந்தது என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அதே புல்லாங்குழல், அதே நன்றிகள், அதிர்ஷ்டவசமாக அதே பெண்.

"மார்ச் பதினாலு!" என்றார், வெற்றிக் கொடி நாட்டியவர் போல.

"மன்னிக்கணும் சார். தப்பு."

"தப்பா? என்னம்மா சொல்றீங்க? கல்யாணம் பண்ணிக்கிட்டது நான்!"

"எங்க பதிவுப்படி அந்தத் தேதியில உங்களுக்குக் கல்யாணம் ஆகலை சார்."

"தாலி கட்டினது நானா, உங்க கம்ப்யூட்டரா?"

"இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு சார். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. நான் எட்டு மணி வரைக்கும் டியூட்டியிலதான் இருப்பேன்."

அந்தப் பெண் நினைத்திருந்தால் பட்டென்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தன் நேரடி எண்ணையும் கொடுத்தாள். அந்தக் கோபத்திலும் அவருக்கு அது மனசில் பட்டது. ஆனாலும் தப்பு எங்கே என்று புரியவில்லை. தப்பு பேங்க்குடையதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனைவியுடையதாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பது அவர் யோசனைக்கே வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனார். கடிதம் வந்து தெரிவதைவிடத் தன் வாயால் தெரிவது மேல் என்று பட்டது. சட்டையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். 'ஐயா' என்று கூப்பிட்டவன், பயணப் பை, மேல்தாடை, கட்டணம், கட்டணத்துக்குக் கட்டணம். முடித்துவிட்டு, இடி எங்கே விழும் என்று நாற்காலி ஓரமாக உட்கார்ந்தார்.

இடி விழவில்லை. மனைவி கையைக் கழுவினாள். துண்டில் துடைத்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, வாங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன முழுங்கியா இருப்பேன்?"

"வாக்குக் கொடுத்துட்டேனே, அதான்..."

"அந்தப் பொண்ணுகிட்ட கத்தினீங்களா?"

"கொஞ்சம்."

"கத்தினா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? ஃபைலைத் தூக்கி அடியில வச்சிடுவோம். போடுங்க போனை. நான் பேசறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தப் பெண் வணக்கம் சொன்னதும் மனைவி முதலில் கேட்டது, "ஏம்மா, மணி ஏழாகுது. ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம்," என்றது குரல், வேறு மாதிரி ஆகி. "இன்னைக்கு விடாம போன் கால். யாரும் இப்படிக் கேட்டதே இல்ல மேடம்."

"எனக்குத் தெரியும்மா. நானும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறவதான். இவர் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. இவர் வாய்தான் அப்படி."

"பரவாயில்ல மேடம். கட்டணம் ரெண்டையும், வரியையும் நான் எடுத்துவிட்டுடறேன். ஆனா தேதி மட்டும் சார் வாயால சரியாச் சொல்லணும். கடைசி வாய்ப்பு."

மனைவி போனைக் கையால் பொத்தினாள். அவர் காதில், "மார்ச் பதினாறுன்னு சொல்லுங்க," என்றாள்.

"பதினாலுன்னு சொன்னியே!"

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

"மார்ச் பதினாறு," என்றார், தீர்ப்பு கேட்கிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு.

"சரியா இருக்கு சார்! எல்லாக் கட்டணமும் ரத்து. கடிதமும் வராது. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"வேணும்மா," என்றாள் மனைவி. "இவர் கணக்குலயே என் பேருக்கும் ஒரு துணை கார்டு கிடைக்குமா?"

"தாராளமா மேடம். சார் சரின்னு சொன்னாப் போதும்."

அந்த நிமிஷத்தில் அவர் எதற்கும் சரி என்று சொல்லியிருப்பார். சொன்னார். அந்தப் பெண் நன்றி என்றாள். இந்தத் தடவை அது பேங்க் எழுதிக் கொடுத்த நன்றி போல இல்லை.

போனை வைத்ததும் அவர் மனைவியை முறைத்தார். "அதென்ன பதினாறு? எப்படித் தெரியும் உனக்கு?"

"பதினாலு நமக்குக் கல்யாணம் நடந்த தேதி. பதினாறு நடந்துச்சுன்னு நீங்க நினைச்சுட்டிருக்கற தேதி. பேங்க்ல நீங்க எதைச் சொல்லியிருப்பீங்க?"

அவர் பதினாலிலிருந்து பதினாறு வரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"முதல் வருஷம் பதினாலாம் தேதி புதுப் புடவை கட்டிக்கிட்டு வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்க வந்தீங்க, சாப்பிட்டீங்க, தூங்கிட்டீங்க. எனக்கு ஒரே அழுகை. பதினாறாம் தேதி பார்த்தா, மத்தியானமே கையில பூவோட வந்து நிக்கறீங்க. முகத்துல அப்படி ஒரு சிரிப்பு, பரீட்சையில முதல் மார்க் வாங்கின மாதிரி. அந்த முகத்தைப் பார்த்து, தேதி தப்புங்கன்னு எப்படிச் சொல்றது?"

"மறு வருஷமாவது சொல்லியிருக்கலாமே?"

"மறு வருஷமும் அதே சிரிப்போடதானே வந்தீங்க? ஒரு நாளும் பொழுதோட வீட்டுக்கு வராத மனுஷன், அன்னைக்கு மட்டும் ஓடி வர்றீங்க. அது போதும்னு விட்டுட்டேன்."

ஊருக்கெல்லாம் அளவுப்படி சிரிப்பு செய்து கொடுக்கிறவர், தன் சிரிப்பு கலையக் கூடாதென்று ஒருத்தி வருஷக்கணக்காக வாய் திறக்காமல் இருந்ததைக் கவனித்ததே இல்லை. நாற்காலிக் கடனை அடைத்தபோதும் அவர் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்லியே தீர வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்தால், இரண்டு நாளாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாசகம்தான் வந்தது.

"உன் பொறுமைக்கு நன்றி."

அவள் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணும் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கத் தான் என்ன செய்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சரி, இனிமேலாவது ஏதாவது செய்வோம் என்று, "அந்தக் கார்டை நாளைக்கே வெட்டிப் போட்டுடறேம்மா," என்றார்.

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாங்க," என்றாள் மனைவி. "வருஷத்துக்கு ஒரு தடவையாவது பயன்படுத்தணுமாமே? வருஷா வருஷம் பதினாலாம் தேதி கடைக்குப் போய் எனக்குப் பிடிச்சதை நானே வாங்கிக்கறேன். நீங்க வழக்கம் போலப் பதினாறாம் தேதி பூவோட வாங்க, அப்படியே பில்லையும் கட்டிட்டு வந்துடுங்க."