பட்டாணிக்கு நானூறு கிராம்

கையில கேரட். காதுல கேரட். இடது புருவத்துல கேரட். அந்தக் கோலத்துல நின்னுதான் நான் சபதம் எடுத்தேன்.

"ஒரே மாசம். நானூறு கிராம். ஏத்திக் காட்டலேன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!"

என் பொண்டாட்டி நிமிர்ந்துகூடப் பாக்கல. தரையில சிந்தின கேரட்டைத் துடைச்சுக்கிட்டிருந்தா.

"மீசையை எடுத்தா குழந்தைக்கு என்ன கிடைக்கும்?"

"ஒரு வைராக்கியம்மா!"

"வைராக்கியம் எத்தனை கிராம் வரும்?"

நல்ல கேள்வி. எங்க வீட்டுல நல்ல கேள்வியெல்லாம் அவகிட்ட இருக்கும். இல்லாத பதிலெல்லாம் என்கிட்ட இருக்கும்.

விஷயத்தைச் சொல்லிடறேன். பட்டாணி எங்க பொண்ணு. எட்டு மாசம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு வந்தவ. அவளுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு. இருக்கப் பிடிக்கலையோ என்னமோ, நாலாம் நாளே கிளம்பிடுச்சு. அதைப் பத்தி எங்க வீட்டுல யாரும் பேசறதில்ல. ஆனா பட்டாணி ஒரு தும்மல் தும்மினா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எந்திரிப்போம்.

நான் பத்தொம்பது வருஷம் பாட்டில் கம்பெனியில வேலை பாத்தவன். பெல்ட்ல ஓடற பாட்டில்ல லேபிள் கோணலா இருக்கான்னு பாக்கறது. போன வருஷம் என் இடத்துல ஒரு கேமராவை மாட்டினாங்க. அது கண்ணைச் சிமிட்டாது, டீ கேக்காது, சம்பளத்தைப் பத்திக் கூடிக்கூடிப் பேசாது. எனக்குக் கைகுலுக்கி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிட்டாங்க. நேரம் நிறைய இருக்கும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

அதனால என் பொண்டாட்டி பிரசவ லீவு முடிஞ்சு பார்சல் ஆபீஸ் கவுண்டருக்குத் திரும்பினப்போ, பட்டாணி என் கைக்கு வந்தா. உலகத்துலயே எனக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம். அதுலயும் ரெண்டு மாசமா உற்பத்தி பூஜ்யம்.

மாசாமாசம் ஒண்ணாம் தேதி சுகாதார நிலையத்துல எடை பாப்பாங்க. ஒரு அட்டை உண்டு. அதுல ஒரு கோடு. மாசத்துக்கு ஒரு புள்ளி. புள்ளி மேல ஏறணும். பட்டாணியோட புள்ளி ஆறு கிலோ இருநூறுல பாயை விரிச்சுப் படுத்துடுச்சு.

"சார், அடுத்த தடவையும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன்"னாங்க நர்ஸம்மா. "மூக்குல குழாய் விட்டுத்தான் ஊட்டுவாங்க."

மெதுவா, தன்மையாச் சொன்னாங்க. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

சபதம் எடுத்தாச்சு. ஆயுதம் வேணுமே? என்கிட்ட ஒரே ஒரு ஆயுதம்தான் உண்டு. குரல். யார் மாதிரி வேணும்னாலும் பேசுவேன். கம்பெனி கேன்டீன்ல மேனேஜர் மாதிரி நான் இருமினா, பாதி பேர் தட்டோட எந்திரிச்சுடுவாங்க. ஒருநாள் மேனேஜரே எந்திரிச்சுட்டார்.

அந்தக் கலையைப் பட்டாணி வாய்க்குள்ள ஒரு ஸ்பூன் கேரட் அனுப்பறதுக்காக இறக்கினேன். முதல்ல காக்கா. பட்டாணி வாயைத் திறந்தா. அப்புறம் குக்கர் விசில். இன்னும் பெருசாத் திறந்தா. விட்டேன் ஸ்பூனை. அதே நேரத்துல மேனேஜர் இருமலையும் விட்டேன். பட்டாணி கெக்கெக்கேன்னு சிரிச்சா. கேரட் மொத்தமும் ஏவுகணை மாதிரி கிளம்பி மறுபடியும் என் புருவத்துக்கே வந்துச்சு.

விடுவேனா? நாய், பூனை, ரயில், ரயிலைத் தவறவிட்ட ஆள், அந்த ஆளோட மாமியார். ஒரு கிண்ணத்துக்கு எட்டுப் பாத்திரம்.

எதிர்வீட்டு டெய்லர் கதவைத் தட்டினார்.

"என்னப்பா, உள்ள யாரு? ஆறேழு பேர் அடிச்சுக்கற மாதிரி சத்தம் கேக்குதே?"

"நான் ஒருத்தன்தாண்ணே. சாப்பாடு ஊட்டறேன்."

"யாருக்கு, பட்டாளத்துக்கா?"

"எட்டு மாசக் குழந்தைக்குண்ணே."

எட்டிப் பாத்தார். பட்டாணியைப் பாத்தார். என் புருவத்தைப் பாத்தார். "யாரு யாருக்கு ஊட்டறாங்கன்னே தெரியலையேப்பா"ன்னுட்டுப் போயிட்டார்.

சாயங்காலம் அவ வந்ததும் விசாரணை.

"சாப்பிட்டாளா?"

"பிரமாதமா!"

"எவ்வளவு?"

"ஒரு கிண்ணம்!"

"உள்ளயா, வெளியயா?"

"அது... கலந்து."

அவ வேற எதுவும் கேக்கல. தினமும் இதே கேள்வி, இதே பதில். திட்டலையேன்னு நான் சந்தோஷப்பட்டேன். திட்டாத பொண்டாட்டியைப் பாத்துச் சந்தோஷப்படறவன் முட்டாள்னு எந்தப் பெரிய மனுஷனாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஒண்ணாம் தேதி வந்துச்சு. காலையில பட்டாணியைக் குளிப்பாட்டினேன். முதுகைத் துடைக்கறப்போ விலா எலும்பு ஒவ்வொண்ணாத் துண்டுல தட்டுப்பட்டுச்சு. என்னை அறியாமலே எண்ணிட்டேன். சபதமும் மீசையும் எனக்கு மறந்தே போச்சு. அந்தச் சின்ன மூக்குதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அதுக்குள்ள குழாய் எப்படிப் போகும்? இடமே இல்லையே.

அப்பதான் வாசக்கதவுல தொங்கின பூட்டைப் பாத்தேன். பழைய இரும்புப் பூட்டு. சரியா அரைக்கிலோ.

நர்ஸம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. துணியை அவிழ்த்தா பிள்ளைங்க நடுங்குதுன்னு, துணியோடயே தராசுல போடச் சொல்வாங்க. துணிக்குன்னு நூறு கிராம் கழிச்சுப்பாங்க. பூட்டுக்குன்னு யாரு கழிக்கப் போறாங்க?

"நீ முன்னாடி போம்மா. நான் குழந்தையைத் தூக்கிட்டு, கதவைப் பூட்டிட்டு வரேன்."

கதவைச் சும்மா சாத்தினேன். பூட்டைக் கைக்குட்டையில சுத்தி, இடுப்புத் துணியோட வெளிமடிப்புல சொருகினேன். மேல கவுன், அதுக்கு மேல ஸ்வெட்டர். பட்டாணி என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. கூட்டுக் களவாணிச் சிரிப்பு.

தெருமுனையில அவ நின்னா.

"ஏங்க, அட்டையை வீட்டுலயே வச்சுட்டேன். குழந்தையைக் கொடுங்க, எடுத்துட்டு வந்துடறேன்."

"குழந்தை எதுக்கு? நான் வச்சிருக்கேனே!"

"வெயில்ல நிக்கணுமா அவ? கொடுங்க."

கொடுத்தேன். போனா, வந்தா. முகத்துல ஒண்ணுமே தெரியல. கதவு சும்மா சாத்தியிருக்கறது தெரிஞ்சிருக்குமேன்னு யோசிச்சேன். அவ எதுவும் கேக்கல. தப்பிச்சேன்னு நினைச்சேன்.

சுகாதார நிலையத்துல பதினஞ்சு குழந்தைங்க. எல்லாமே நல்லா உப்பின தலையணை மாதிரி இருந்துச்சுங்க. எங்க முறை வந்துச்சு. பட்டாணியைத் தராசுல வச்சாங்க. முள்ளு ஆடுச்சு. நின்னுச்சு.

"ஆறு எழுநூறு. துணிக்கு நூறு போக, ஆறு அறுநூறு!" நர்ஸம்மா எந்திரிச்சே நின்னுட்டாங்க. "நானூறு கிராம் ஏத்தியிருக்கீங்க! இதோ பாருங்கம்மா எல்லாரும், இந்தக் குழந்தையை வளக்கறது அப்பா! கைதட்டுங்க!"

பதினஞ்சு அம்மாக்களும் கைதட்டினாங்க. ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

நான் கணக்குப் போட்டேன். ஆறு அறுநூறு. பூட்டு ஐந்நூறு. மிச்சம் ஆறு கிலோ நூறு.

ஏறல. இறங்கியிருக்கா.

ஒரு மாசம் காக்காவாக் கத்தி, ரயிலா ஓடி, என் பொண்ணை நூறு கிராம் கரைச்சிருக்கேன். அந்த ரூம்ல எல்லாரும் சிரிக்கறாங்க. அட்டையில புள்ளி ஜம்முன்னு மேல ஏறி உக்காந்திருக்கு. இனிமே யாரும் இவளை ஆஸ்பத்திரிக்கு எழுத மாட்டாங்க. இவ இப்படியே இளைச்சு, இளைச்சு...

வெளிய வராந்தாவுல வந்ததும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"திரும்பிப் போகலாம்மா. இவளை இப்பவே சேத்துடலாம்."

"எதுக்கு?"

"அந்த எடை பொய். நான் துணிக்குள்ள பூட்டை வச்சேன். நான் ஒரு பாவி. குழாயோ கிழாயோ, உயிரோட இருந்தாப் போதும். வா, உள்ள போய்ச் சொல்லிடலாம்."

அழுதுட்டேன். நாப்பத்தாறு வயசு ஆம்பிளை, நடு வராந்தாவுல, மேனேஜர் மாதிரியும் இல்லாம காக்கா மாதிரியும் இல்லாம, என் சொந்தக் குரல்ல அழுதேன். எனக்கே அது புதுசா இருந்துச்சு.

அவ பையிலேர்ந்து சாவியை எடுத்துக் காட்டினா.

"பூட்டு வாசக்கதவுல தொங்குது. நான்தான் திரும்பிப் போய்ப் பூட்டிட்டு வந்தேன். குழந்தை இடுப்புல இரும்பு இடிச்சா பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்போ... அந்த நானூறு?"

"அவளோடதுதான்."

பிரம்மாண்டமா ஒரு மூச்சு வந்துச்சு. கூடவே, வெக்கமில்லாம, ஒரு பெருமையும் வந்துச்சு. மீசையில கை போச்சு.

"பாத்தியா! என் காக்காவுக்கு இருக்கற சக்தியை!"

"ஏங்க, நீங்க காக்கா மாதிரி கத்தினா அவ சிரிப்பா. சிரிக்கறவ எப்படி முழுங்குவா?"

"பின்ன யாரு ஊட்டினது?"

"நான்தான். ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளித்தானே? தினமும் ஒரு மணிக்கு நீங்க வாயைப் பொளந்துட்டுத் தூங்கறப்போ, பின்கதவைத் தள்ளிக்கிட்டு வருவேன். பேசாம ஊட்டுவேன். அவளும் பேசாம ஒரு கிண்ணம் முடிப்பா. கழுவி வச்சுட்டுப் போயிடுவேன்."

"ஒரு மாசமாவா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவ வேற பக்கம் பாத்தா. "வேலை போன அன்னிக்கு அந்தக் கடிகாரத்தோட வாசல்ல வந்து நின்னீங்களே. அந்த மூஞ்சியை நான் இன்னொரு தடவை பாக்க வேண்டாம்னுதான்."

அப்பதான் கவனிச்சேன். அவ போட்டிருந்த சட்டை தோள்ல தொளதொளன்னு தொங்குச்சு.

"ஒரு மணி உனக்குச் சாப்பாட்டு நேரமாச்சே. நீ எப்போ சாப்பிட்டே?"

அவ பட்டாணியோட ஸ்வெட்டர் பட்டனைப் போட்டா.

"போதும்"னேன். "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம். வாயே திறக்க மாட்டேன். சத்தமில்லாம நானே ஊட்டறேன். அவளுக்காக நான் என்ன வேணும்னாலும் செய்வேன், சொல்லு!"

அவ நிஜமாவே யோசிச்சா.

"நாளையிலேர்ந்து இன்னும் அரைமணி நேரம் கூடத் தூங்குங்க. குழந்தை வளரணும்."