ஓடாத காருக்கு ஒரு பேட்டரி

கார் நகரவில்லை. ரிமோட்டை எப்படி அமுக்கியும், சம்பளம் வராத ஆள் மாதிரி முனகியதே தவிர முன்னால் வரவில்லை.

"இந்த வயசுல பொம்மைக் காரோட என்ன மல்லுக்கட்டு?" என்றாள் மனைவி.

"பொண்ணோட கார். பரண்ல சும்மா கிடக்குது. ஓட விட்டுப் பார்க்கலாம்னு..." என்றார், குழாய் ரிப்பேர் வேலை பார்க்கும் கணவர்.

அது பாதி உண்மை. மகள் வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்து வாராவாரம் போன் செய்வாள். அம்மாவும் மகளும் பேச உட்கார்ந்தால் அடுப்பிலிருக்கும் பால் பொங்கி, ஆறி, தயிராகவே ஆகிவிடும். அவர் முறை வந்தால் மட்டும், "நல்லா இருக்கியாப்பா? சரி, அம்மாகிட்ட குடு." ஊரார் வீட்டு அடைப்பையெல்லாம் எடுத்த மனிதருக்குச் சொந்த மகளிடம் வாய் அடைத்துக்கொண்டது.

அன்று அவரே கூப்பிட்டார். "கண்ணு, உன் கார் ஓட மாட்டேங்குது."

"அந்தச் சிவப்புக் காரா? இன்னுமா வச்சிருக்கே?"

"பின்னே, தூக்கியா போடுவாங்க?"

"பேட்டரி செத்திருக்கும்ப்பா. உன் பாஷையிலேயே சொல்றேன். வோல்ட்னா தொட்டி இருக்குற உயரம். உயரம் கூடினா வேகம் கூடும். எம்.ஏ.எச். தொட்டியோட கொள்ளளவு. பெருசா இருந்தா ரொம்ப நேரம் ஓடும். சி-ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், அது குழாயோட அகலம். நான் சின்ன வயசுல வாங்குன பொம்மைக் கடைக்கே போ. வேற எங்கயும் போயிடாதே."

கடைக்காரர் ஒரு தடியன் பேட்டரியை நீட்டினார். "கொள்ளளவு கூடுதல் சார். கூடினா நல்லதுதானே?"

பேட்டரி உள்ளே போகவில்லை. ரம்பத்தால் காரின் வயிற்றை அறுத்துத் திணித்தார். பாரம் தாங்காமல் கார் ஊர்ந்தது. கூடவே கிளம்பிய ஒரு எறும்பு முந்திக்கொண்டு போய்விட்டது.

போனில் இதைக் கேட்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, அங்கே ஓயாத மழை என்றாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவதாகச் சொன்னாள். அவளுடைய அம்மாவுக்கே தெரியாத செய்தி. அவருக்கு நெஞ்சு நிறைந்தும் போனது, வலிக்கவும் செய்தது.

அடுத்த பேட்டரிக்கு வோல்ட் அதிகம். கார் வாசலைத் தாண்டித் தபால்காரரின் கால்களுக்கிடையே பாய்ந்து, அவர் நழுவவிட்ட கவரைச் சுமந்துகொண்டு தெருக்கோடிக்கு ஓடியது. கவரில் இருந்த முகவரியும் சரியாக அந்தத் தெருக்கோடி வீடுதான். வரலாற்றிலேயே தபால்காரருக்கு முன்னால் போய்ச் சேர்ந்த தபால் அது ஒன்றுதான். பிறகு மோட்டார் புகைந்தது.

"தொட்டியைக் கொண்டுபோய் மொட்டை மாடியில வச்சிட்டியேப்பா!"

புது மோட்டார் வந்தது. மூன்றாவது பேட்டரி, கோபித்துக்கொண்ட சம்பந்தியின் கன்னம் போல உப்பியது.

"குழாய் குறுகல்ப்பா, அதான் திணறுது. மணல் வாளியில போட்டு வெளிய வை. கிட்ட நிக்காதே. கேக்குதா? நீ தள்ளி நின்னுக்கோ."

தள்ளி நின்றுகொண்டே பேசினார். பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மனைவி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். "பெத்தவ ஒருத்தி இங்க இருக்கேன், என் முறை எப்ப வரும்?"

"இரு, தொழில் விஷயம்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். உயரம், கொள்ளளவு, அகலம் மூன்றிலும் தவறியாகிவிட்டது. இனி வாங்கினால் சரியான பேட்டரிதான். கார் ஓடும். ஓடிவிட்டால்? மறுபடி, "நல்லா இருக்கியாப்பா? சரி, அம்மாகிட்ட குடு."

கடைக்குப் போனார். வேறு ஆள் யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு, கடைக்காரரின் காதருகே குனிந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க... இந்தக் காருக்குப் பொருந்தாத பேட்டரி வேற ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"இருந்ததையெல்லாம் குடுத்துட்டேனே சார்! 'அப்பா வருவாரு, சரியான பேட்டரியை மட்டும் அவர் கண்ணுல காட்டிடாதீங்க'ன்னு உங்க பொண்ணு முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிடுச்சே!"