மாடிக்கு வந்த அரியலூர் ரயில்

பெரம்பலூருக்கு ரயில் விட்டவர் யார் என்று கேட்டால், எங்கள் தெரு ஸ்டேஷன் மாஸ்டர்தான் என்று அடித்துச் சொல்வேன். சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் ஸ்டேஷனே கிடையாது என்பது எனக்கும் தெரியும். அவர் வைத்திருப்பது சிமெண்டுக் கடை. ரயில் ஓடுவது அவர் வீட்டு மாடியில்.

எல்லாம் அவருடைய மச்சானால் வந்த வினை. மாஸ்டரின் மனைவி சரோஜா அக்கா அரியலூரில் ரயில் சத்தம் கேட்டு வளர்ந்தவர். பொங்கல் சீரோடு வரும் அக்காவின் அண்ணன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“என்ன மாப்ள, ஒங்க ஊருக்கு ரயில் வந்துருச்சா?”

ஒரு பொங்கலன்று மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “அடுத்த பொங்கலுக்கு வாங்க மச்சான். சீரு என் ரயில்லதான் வரும்!”

தெருவே கேட்க வாக்குக் கொடுத்தாயிற்று. பொம்மை ரயிலும் தண்டவாளமும் சென்னையிலிருந்து வந்து இறங்கின. மாடித் தகரக் கொட்டகையில் ஒரு மூலை அரியலூர், எதிர் மூலை பெரம்பலூர், நடுவில் குன்னம். தண்டவாளத்துக்கு அடியில் மேடு போட வேண்டும். சிமெண்டுக் கடைக்காரர் எதைப் போடுவார்? கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார். ஈரம் காயுமுன் தண்டவாளத்தையும் அதிலேயே பதித்து, சாக்குப் போர்த்தி, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

ரயிலை விட்டபோது கிரைண்டரில் கல் விழுந்த சத்தம். குன்னம் வளைவில் வண்டி குப்புற விழுந்தது. வளைவைச் சரி செய்யலாம் என்றால் கான்கிரீட் அசையுமா?

காப்பி கொண்டுவந்த அக்கா எட்டிப் பார்த்தார். “எங்க ஊர்ல ஜல்லி மேலதாங்க தண்டவாளம் கெடக்கும். ரயிலு போறப்ப லேசா அமுங்கி எந்திரிக்கும். நீங்க அதுக்குச் சமாதியில்ல கட்டி வச்சிருக்கீங்க!”

மாஸ்டர் உளியை எடுத்துத் தண்டவாளத்தைக் கொத்திப் பெயர்த்துவிட்டார். தெருவில் இருந்த பழைய ரப்பர் செருப்புகளெல்லாம் மாடி ஏறின. அவற்றைப் பட்டை பட்டையாக அறுத்து ஒட்டி, மேலே தண்டவாளத்தைப் போட்டு, சலித்த ஜல்லிப் பொடியைத் தூவிப் பசை விட்டார்.

என் செருப்பையும் காணோம். ஓடினேன். “மாஸ்டர், அது புதுசுங்க!”

“ஊருக்கு ரயில் வேணுமா, வேணாமா?”

வெறுங்காலோடு வீடு திரும்பினேன்.

பொங்கல் வந்தது, மச்சானும் வந்தார். மாடியில் தெருவே கூடியிருந்தது. மச்சான் சீர்த்தட்டிலிருந்து ஒரு மஞ்சளை ஒடித்து, அரியலூரில் நின்ற திறந்த பெட்டியில் வைத்தார். வண்டி கிளம்பியது. குன்னம் வளைவில் லேசாகச் சாய்ந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி நிமிர்ந்தது. டடக் டடக் என்று அடக்கமான சத்தம். பெரம்பலூர் மூலையில் குனிந்து நின்ற அக்கா, மஞ்சளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அண்ணே, சீரு வந்துருச்சு!”

“மாப்ள…” என்றார் மச்சான். மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

குன்னம் வளைவைத் தாங்குவது என் இடது கால் செருப்பு. எனக்கு வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும், நேரே மாஸ்டர் வீட்டு மாடிக்கு அழைத்துப் போய் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.