ஏரிக்கரையில் முப்பத்தோராம் இடம்

இந்தக் கோடையில் ஏரிக்கரைக்கு மனைவியோடு மட்டும்தான் போவேன், சகலையோடு போகமாட்டேன் என்று புத்தாண்டு அன்று சபதம் எடுத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. என் வீட்டில் என் சபதமெல்லாம் மனசுக்குள்தான்.

சகலை ரஸ், என் மனைவி ஜோலீனின் தங்கை டார்லாவின் கணவன். கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை, கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்துவிடலாம். போன வருஷம், படுக்கையும் கக்கூஸும் உள்ளேயே இருக்கிற எங்கள் சின்ன வீட்டுவண்டிக்குப் பக்கத்தில் பேருந்து அளவுக்குத் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். மைக்கைப் பிடித்தான். ஆறு நாள் பாடினான். ஏரியில் இருந்த மீனெல்லாம் கனடாவுக்குக் குடிபோய்விட்டது.

நான் காகித ஆலையில் வேலை பார்க்கிறவன். வருஷம் பூரா காதுக்குள் இயந்திரம் ஓடும். சத்தமில்லாமல் இருக்க எனக்குக் கிடைப்பது அந்த ஒரு வாரம். அதையும் ஒருத்தன் பாடித் தீர்த்தால் அழுகை வருமா வராதா?

ஆகவே திட்டம் போட்டேன். மூஸ்ஹார்ன் ஏரிப் பூங்காவில் முப்பத்தோராம் நம்பர் இடம். மூன்று பக்கம் தண்ணீர், நாலாவது பக்கம் பைன் மரம். பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்க வழியே கிடையாது. அதைப் பிடித்துவிட்டால் ரஸ் பாடினாலும் மரத்துக்குத்தான் கேட்கும். ஆனால் ஜூலை வாரத்துக்கு ஆறு மாதம் முன்னால், ஜனவரியில், வாசலில் இடுப்பளவு பனி கிடக்கும்போதே பதிவு செய்யவேண்டும். திறந்த பத்தாவது நிமிஷம் ஏரிக்கரை தீர்ந்துவிடும். அந்த வேலையை எப்போதும் ஜோலீன்தான் செய்வாள்.

"ஜோலீன், இந்த வருஷம் பார்க் புக்கிங்கை நான் பாத்துக்கறேன். நீ பாவம், எவ்வளவுதான் செய்வே?"

பின்னிக்கொண்டிருந்த ஊசி நின்றது. "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"புருஷன் ஒத்தாசை பண்ணக் கூடாதா?"

"பண்ணலாமே. இருபத்தாறு வருஷமா அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன்."

"எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"எட்டு மணிக்கு. ரொம்ப சந்தோஷம், கண்ணு."

'கண்ணு' என்றாள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம். கண்ணு என்றால் ஆபத்து. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

பதிவு நாள் அன்று ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஏழரைக்கு எழுந்தேன். ஜோலீன் எனக்கு முன்னாலேயே எழுந்து, காப்பியும் குடித்துமுடித்து, பேஸ்ட்ரி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன, இவ்வளவு சீக்கிரம்?"

"தூக்கம் வரல."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஏழு ஐம்பத்தொன்பது. எட்டு! அழுத்தினேன்.

திரை முழுக்கச் சிவப்பு. முப்பத்தொன்று போய்விட்டது. முப்பது போய்விட்டது. ஏரிக்கரை மொத்தமும் போய்விட்டது. திறந்து ஒரு விநாடிகூட ஆகவில்லையே! கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். தேதி தப்போ என்று நாள்காட்டியைப் பார்த்தேன். வருஷத்தையும் பார்த்தேன். எல்லாம் சரி. நான்தான் சரியில்லை போலிருந்தது.

மூலையில் ஒரே ஒரு பச்சை. நூற்றுப் பன்னிரண்டு. அதுவும் போய்விடப் போகிறதே என்ற பதற்றத்தில் என் பெயரில் அழுத்திவிட்டேன்.

"என்ன கிடைச்சுது, கண்ணு?"

"நூத்திப் பன்னிரண்டு."

"அடப் பாவமே! எல்லா வண்டிக்காரனும் கக்கூஸ் தொட்டியைக் காலி பண்ற இடமாச்சே அது!"

"எட்டு மணிக்குத்தானே உக்காந்தேன்? ஒரு நொடியில எப்படித் தீரும்? யாரோ திருட்டுத்தனம் பண்றாங்க!"

"திருட்டுமில்ல, ஒண்ணுமில்ல. எட்டு மணின்னா லேன்சிங் எட்டு மணி. மாநிலத் தலைநகர்ல எட்டு அடிச்சா, வேற நேர மண்டலத்துல இருக்கற நம்ம மாவட்டத்துல ஏழு. நீ ஒரு மணி நேரம் லேட்டு."

நான் பிறந்ததே இந்த மாவட்டத்தில். ஐம்பத்திரண்டு வருஷமாக மாநிலத்துக்கு ஒரு மணி, எங்களுக்கு ஒரு மணி என்றுதான் வாழ்கிறேன். பல் டாக்டரிடம் இப்படித் தவறி ஒரு பல்லையே இழந்திருக்கிறேன். இருந்தும் மறந்துவிட்டேன்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கலியே."

மெதுவாக ஒரு சந்தேகம் எழுந்தது. "நீ எத்தனை மணிக்கு எழுந்தே?"

"ஆறே முக்காலுக்கு."

"எதுக்கு?"

"முப்பத்தொண்ணைப் போடத்தான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் ஜோலீன்! என் மனசைப் படித்துவிட்டாள்! மாவுக் கையோடு நின்றவளைக் கட்டிக்கொண்டேன். "நீயும் நானும் மட்டும்! தண்ணி, மரம், மீன்! சத்தமே இல்லாம ஒரு வாரம்!"

"சத்தமே இல்லாமத்தான்," என்றாள், என் கையை மெல்ல விலக்கியபடி. "நானும் டார்லாவும் அவங்க பெரிய வண்டியில. அவளுக்கு ரஸ்ஸோட பாட்டு ஆகல. எனக்கு நீ நாள் முழுக்க ரஸ்ஸைப் பத்திப் புலம்பறது ஆகல. ரெண்டு பேரும் போன ஜூலையிலேயே பேசி வெச்சுட்டோம்."

"அப்ப நான்?"

"அதான் கவலையா இருந்துச்சு, உங்க ரெண்டு பேரையும் எங்க விடறதுன்னு. நல்லவேளை, நீயே இடம் போட்டுட்டே. உன் பேர்ல போட்டதால நீ அங்கதான் தங்கியாகணும், அது பார்க் சட்டம்."

"எங்க ரெண்டு பேரையுமா?"

அதற்குள் போன் அடித்தது. ரஸ். டார்லா சொல்லிவிட்டாளாம். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"சகலை! ஒரு வாரம் நீயும் நானும், உன் வண்டியில! கீழ்ப்படுக்கை எனக்கு, மேல்படுக்கை உனக்கு, சம்மதமா?"

சம்மதம் என்றேன். என் வண்டியில் இருப்பது ஒரே படுக்கைதான்.