நம்மாளு ஆடிய கடைசி ஆட்டம்

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க கொஞ்சம் எழுந்து போனா நல்லா இருக்கும்" என்றார் மாடி வீட்டுப் பல் டாக்டர்.

சோபா கண்ணாடிக்காரருடையது. டிவி அவருடையது. டாக்டர் மென்றுகொண்டிருந்த பிஸ்கட்டும் அவர் காசில் வாங்கியதுதான். இருந்தாலும் கண்ணாடிக்காரருக்குக் கோபம் வரவில்லை. டாக்டர் சொல்வதில் நியாயம் இருந்தது. கண்ணாடிக்காரர் வந்து உட்கார்ந்து சரியாகச் சாயக்கூட இல்லை, அதற்குள் நம்மாளு இரண்டு சர்வீஸை வலையில் அடித்துவிட்டான்.

நம்மாளு என்றால் உலகமே அறிந்த டென்னிஸ் வீரன். எந்த ஊரிலோ பிறந்தவன். இப்படி ஒரு தெரு இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனாலும் இந்த வீட்டில் இருபது வருஷமாக அவன் நம்மாளுதான். முழங்கால் இனிமேல் தாங்காது, இந்தப் போட்டியோடு ஓய்வு பெறுகிறேன் என்று அவன் அறிவித்ததிலிருந்து கண்ணாடிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எப்படியோ காலை இழுத்துக்கொண்டு இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டான். ஜெயித்தாலும் தோற்றாலும் இன்றோடு சரி.

"இன்னைக்கு ஒரு நாளாவது பார்க்கட்டுமே டாக்டர்" என்றாள் மனைவி. "இவர் ரசிகர் ரசிகர்னு பேருதான். நம்மாளு ஜெயிச்சு ஒரு தடவைகூடக் கண்ணால பார்த்ததில்ல."

உண்மைதான். கண்ணாடிக்காரர் பார்த்தால் நம்மாளு தோற்பான். ஆரம்ப காலத்தில் இரண்டு மூன்று ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தார், எல்லாம் போயிற்று. ஒருநாள் நடுவில் கதவைத் தட்டியவருக்குத் திறந்துவிட்டு, வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்பினால், தோற்க வேண்டிய ஆட்டத்தை நம்மாளு ஜெயித்திருந்தான். அன்றே முடிவு பண்ணிவிட்டார். ஆட்டம் தொடங்கினால் இவர் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். கூட்டம் கைதட்டுவதைக் கேட்பதும் பார்ப்பதில் பாதி என்பதால் டிவியின் சத்தத்தை அணைத்துவிட வேண்டும். ஹாலில் இருந்து மனைவி ஸ்கோர் சொல்ல வேண்டும். மறுநாள் போடும் மறு ஒளிபரப்பைக்கூடப் பார்க்க மாட்டார். பார்த்து, ஜெயித்தது மாறிவிட்டால்?

தொழில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவர் வீட்டில் சுவரைப் பார்த்து நிற்பார்.

"பார்க்கணும்னு எனக்கும் ஆசைதான்" என்றார் கண்ணாடிக்காரர், எழுந்துகொண்டே. "ஆனா நான் பார்த்து, கடைசி ஆட்டத்துல அவன் தோத்துட்டா? அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய்க் கரைக்கிறது?"

சமையலறைக்குப் போனார். அவர் அங்கே போன பிறகும் நம்மாளு பாயிண்டை விட்டுக்கொண்டே இருந்தான். டாக்டர் எழுந்து வந்து பார்த்தார்.

"சார், இது அநியாயம். அந்த எவர்சில்வர் டிரம்ல டிவி தெரியுது."

"அது தானாத் தெரியுது டாக்டர்."

"நீங்க தானாவா குனிஞ்சு பார்க்கிறீங்க?"

பால்கனிக்கு அனுப்பினார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் அவர்கள் டிவி. அதிலும் அதே ஆட்டம். இவர் கண்ணை மூடுவதற்குள் பந்து வெளியே போய்விட்டது. குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அங்கே ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. மனம் பொறுக்காமல் கதவில் காதை வைத்தார். வெளியே டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. முதல் செட் கைவிட்டுப் போயிற்று.

"இந்த வீட்டுல நான் இருந்தாலே ஆகாதும்மா" என்றார் மனைவியிடம், செருப்பை மாட்டியபடி. "கடைக்குப் போறேன். இன்னைக்கு லீவுதான், ஷட்டரை இறக்கிட்டு உள்ளே உட்கார்ந்துக்கிறேன். முடிஞ்சதும் கடைக்குப் போன் பண்ணு."

செல்போன் என்பது பெரிய மனிதர்களின் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம் அது.

"கடைசி ஆட்டத்துக்கு நான் தனியா உட்காரவா?" என்றாள் மனைவி.

அவர் வெளியே போய் லிப்டில் ஏறினார். லிப்டின் கம்பிக்கதவை இழுத்து மூடினார்.

அந்த லிப்டை நம்பி யாரும் அவசரத்துக்குக் கிளம்புவதில்லை. உள்ளே பல்பு போய் மாதக்கணக்காகிறது. இறங்கத் தொடங்கி முழுதாக ஓர் ஆள் உயரம்கூடப் போகவில்லை, ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது. அதே நேரத்தில் மேலே வீட்டுக்குள் இருந்து டாக்டர் "அட, போச்சுடா!" என்று அலறுவது கேட்டது. இன்னொரு பாயிண்டையும் விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

"லிப்ட் நின்னுடுச்சு!" என்று கத்தினார்.

மனைவி ஓடி வந்தாள். கம்பி இடைவெளியில் அவருக்குத் தெரிந்தது மூன்றாவது மாடித் தரையும், அதன்மேல் அவள் பாதங்களும்தான்.

"ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? மூச்சு முட்டுதா?"

"அதெல்லாம் இல்ல. ஸ்கோர் என்ன?"

பாதங்கள் ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பின.

"உன்னைத்தான் கேட்கிறேன். தோத்துட்டானா? எதுவா இருந்தாலும் சொல்லிடு, தாங்கிக்கிறேன்." தாங்கிக்கொள்கிறவரின் குரல் மாதிரி அது இல்லை.

"இருங்க, பார்த்துட்டு வர்றேன்." பாதங்கள் உள்ளே போயின. உள்ளே ஏதோ குசுகுசுப்பு. திரும்பி வந்தன. "பாயிண்ட் எடுத்துட்டாருங்க நம்மாளு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நீங்க பதறாம உட்காருங்க. டாக்டர் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரப் போறார்."

கண்ணாடிக்காரர் லிப்டின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாதங்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. அடுத்த பாயிண்டும் நம்மாளுக்கே. அதற்கு அடுத்ததும். ஒரு கேம் வந்தது, இன்னொன்றும் வந்தது. அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இருபது வருஷமாகத் தான் நிற்க வேண்டிய சரியான இடம் எது என்று தெரியாமல் போய்விட்டதே!

டாக்டர் மெக்கானிக்கோடு படியேறி வந்தபோது நம்மாளு இரண்டாவது செட்டில் முன்னால் இருந்தான்.

"இருங்க சார், கையாலே சுத்தி மேலே தூக்கிடறேன்" என்றார் மெக்கானிக்.

"தொடாதே!" என்று உள்ளே இருந்து கண்ணாடிக்காரர் போட்ட சத்தத்தில் மெக்கானிக் ஒரு படி கீழே இறங்கிவிட்டார். "யாரும் லிப்டைத் தொடக்கூடாது. நம்மாளு ஜெயிச்சிட்டிருக்கான்."

"சார், அது வந்து..." என்று மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் அவர் தோளில் கைபோட்டு, "நீங்க வாங்க, டீ சாப்பிடலாம்" என்று அழைத்துப் போனார்.

"ஏங்க, போதும், வெளியே வந்துடுங்களேன்" என்றாள் மனைவி. ஏனோ அவள் குரல் கெஞ்சுவது போல இருந்தது.

"ஆட்டம் முடியட்டும்."

"முழுசாவா?"

"முழுசா. நீ சொல்லு."

 பாதங்கள் சோர்வாக உள்ளே போயின.

அதற்குப் பிறகு அவள் சொன்னது போல இருபது வருஷத்தில் என்றுமே சொன்னதில்லை. ஆரம்பத்தில் அவளுக்கு டென்னிஸ் என்றால் என்னவென்றே தெரியாது. "வெள்ளைச் சட்டை அடிச்சுது, இன்னொரு வெள்ளைச் சட்டை விட்டுடுச்சு" என்பாள். பதினைந்து, முப்பதுக்கு அப்புறம் நாற்பத்தைந்து வராமல் நாற்பது ஏன் வருகிறது என்று சண்டைக்கு வருவாள். பாத்திரத் தொட்டிப் பக்கம் நின்றபடி இவர் சொல்லிக்கொடுத்தார். போகப்போக அவள் இவரையே மிஞ்சிவிட்டாள். சர்வீஸ் போடும் முன் நம்மாளு மணிக்கட்டால் நெற்றியைத் துடைப்பது, தோற்கும்போது வானத்தைப் பார்ப்பது எல்லாம் அவள் வாயால் கேட்டுத்தான் இவருக்குத் தெரியும்.

சில சமயம் உள்ளே போன பாதங்கள் திரும்பி வர நேரமாயிற்று. பந்து இங்குமங்கும் விடாமல் பறக்கும் பெரிய ரேலி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"என்னங்க, பந்து தலைக்கு மேலே போயிடுச்சு. திரும்பி ஓடி, வலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டே ரெண்டு காலுக்கும் நடுவுல அடிச்சார் பாருங்க!"

"நம்ம பெரிய பொண்ணு பிறந்த வருஷம் அடிச்சானே, அது மாதிரியா?"

"அச்சு அசலா அதே மாதிரி."

"மழை வந்து நின்ன ஆட்டத்துல, கோட்டு மேலே ஒண்ணு வெச்சானே..."

"அதையும் அடிச்சுட்டார். இப்பத்தான்."

"பார்த்தியா! கடைசி நாள்னு எல்லாத்தையும் ஒருதரம் நமக்கு அடிச்சுக் காட்டிட்டுப் போறான்."

 உள்ளே டாக்டர் கைதட்டினார். வழக்கமாக முந்திக்கொண்டு தட்டுகிறவர் இன்று அவள் சொல்லி முடித்த பிறகே தட்டினார். பாவம், அவருக்கும் வயதாகிறது.

செட் சமமாயிற்று. மூன்றாவது செட் தொடங்கும் முன் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அவளும் லிப்டின் வாசலில் உட்கார்ந்தாள். இப்போது முகம் தெரிந்தது. வேர்த்திருந்தது. கம்பி வழியாக ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். இவர் குடித்துவிட்டு மீதியை நீட்ட, அவள் குடித்தாள்.

அந்த அரை இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணாடிக்காரருக்கு ஒன்று உறைத்தது. கடையிலிருந்து வந்தால் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவளும் கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். இரண்டு பேரும் வாய் நிறையப் பேசியது நம்மாளு ஆடிய நாட்களில் மட்டும்தான். ஒருவர் ஹாலில், ஒருவர் சமையலறையில், நடுவில் ஒரு சுவர். நாளை முதல் அந்தச் சுவர் மட்டும்தான் மிச்சம் இருக்கும். ஒரு வாரமாகச் சோறு இறங்காதது நம்மாளுக்காக மட்டும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. பயமாக இருந்தது.

"ஏம்மா" என்றார். "நாளையிலேர்ந்து நாம என்னத்தைப் பேசிக்கிறது?"

அவள் அவரையே பார்த்தாள். "முதல்ல இந்த செட்டை ஜெயிக்கட்டும். அப்புறம் யோசிக்கலாம்" என்று எழுந்து போனாள். உடனே திரும்பி வந்தாள். இந்த முறை வேகமாகவே சொன்னாள். எதிராளியால் தொடக்கூட முடியாத ஏஸ் சர்வீஸ் என்றாள், பந்து வலையில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தது என்றாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் மறுபடி எழுந்துவிட்டான் என்றாள். அவன் எழுந்தபோது இவரும் லிப்டுக்குள் எழுந்து நின்றார்.

"மேட்ச் பாயிண்ட்" என்றாள். குரல் கம்மியிருந்தது. "நெத்தியைத் துடைக்கிறார். பந்தைத் தட்டுறார். வானத்தைப் பார்க்கிறார்..."

"ஜெயிக்கும்போது வானத்தைப் பார்க்க மாட்டானே!"

"இன்னைக்குப் பார்க்கிறார்ங்க. கடைசி இல்லையா. போட்டுட்டார்... அந்தப் பக்கம் எடுக்கல. ஜெயிச்சுட்டாருங்க! நாம ஜெயிச்சுட்டோம்!"

கண்ணாடிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவள் கம்பிக்குள் விரலை விட்டு அவர் தலையைத் தடவினாள். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். சற்று நேரத்தில் லிப்ட், தானாகவே, மனம் மாறியது போலக் குலுங்கி அவரைக் கீழ்த்தளத்தில் கொண்டுபோய் இறக்கியது.

மூன்று மாடியும் படியேறியே ஓடி வந்தார். சோபாவில் மனைவி தொண்டையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். டாக்டர் டிவியின் முன்னால் நின்று ஸ்விட்சை அணைத்துக்கொண்டிருந்தார்.

"அணைக்கச் சொல்லிட்டேன்" என்றாள். "கப்பைக் கையில வெச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தார். பார்க்க முடியல."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "போகட்டும். கடைசியா ஒரு தடவையாவது அவன் ஜெயிச்சதைப் பார்த்துட்டேன்."

"நீங்க எங்க பார்த்தீங்க?"

"நீ சொன்னியே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "நாளைக்கு ஒரு நாள் பேப்பர் வேணாம்ங்க. அவங்க என்னத்தையாவது எழுதிவைப்பாங்க" என்றாள். டாக்டர் பலமாகத் தலையாட்டினார்.

மெக்கானிக் டீ டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார். கண்ணாடிக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மெக்கானிக், உங்க ஓட்டை லிப்டைத் திட்டாத நாளில்ல. இன்னைக்கு அது ரிப்பேரானதாலதான் நம்மாளு ஜெயிச்சான். அதுக்கு ஒரு கும்பிடு!"

டாக்டர் அவசரமாகக் கண்ணைக் காட்டினார். ஆனால் மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. தொழிலைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் வராது?

"லிப்ட் மேல பழி போடாதீங்க சார், அது நல்லாத்தான் இருக்கு. நீங்க மாட்டுனதிலேர்ந்து இந்தக் கட்டடத்துக்கே கரண்ட் இல்ல, இப்ப நீங்க கீழ இறங்குனீங்களே, அப்பத்தான் வந்துச்சு."