ஹஜ்ரத்தின் குரலில் வந்த பதில்

உத்தமபாளையம்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மருமகன் சிக்கந்தர் கனிக்கு, மாமு பக்கீர் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும், அந்தப் பெங்களூரில் ஓரளவு வாயில் வைக்கும்படியான சோற்றையும் தருவானாக. இங்கே நானும் உன் மாமியும் நலம். திராட்சையும் நலம். காலையில் மலையிலிருந்து இறங்கும் மூட்டம் நம் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மாட்டேன் என்கிறது. அதற்குள் போனால் நான் நடக்கிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை. நிற்க. நம் மதரஸாவுக்கு நீ செய்து கொடுத்துவிட்டுப் போனாயே அந்தச் செயற்கை அறிவு, அதை உடனே அழித்துவிடு. காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

ஹஜ்ரத் கண் ஆபரேஷனுக்காகத் தேனிக்குப் போய் மகள் வீட்டில் தங்கியதும், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ஆளில்லாமல் மதரஸா செயலாளர் என்ற முறையில் நான் தவித்ததும், லீவில் வந்திருந்த நீ ஹஜ்ரத்தின் ஜும்ஆ பயான் பேச்சுகளையெல்லாம் அந்த டேப்லெட்டுக்குள் ஊற்றி அவர் குரலிலேயே பேச வைத்ததும் உனக்குத் தெரிந்த கதை. ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீ ஊருக்குப் போன பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. கிதாப் வைத்து ஓதும் பலகையில் டேபைச் சாய்த்து வைத்தோம். அதிலிருந்து ஹஜ்ரத்தின் குரல் வந்தது பார், இருமல் இல்லாமல், மூச்சு வாங்காமல், தேன் ஒழுகுகிற மாதிரி! பிள்ளைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆற்றுத் தண்ணீர் தலைக்கு மேல் மெதுவாகப் போகிற மாதிரி இருந்தது. என் குறட்டைச் சத்தத்தில் நானே விழித்துக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்துச் சுருளிராஜன் சைக்கிளை விட்டு இறங்கி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "என்ன பாய், ஹஜ்ரத்து தேனியில இருக்காகன்னு சொன்னீக, இங்கன பாடம் நடத்திக்கிட்டிருக்காக! ஆளையும் காணோம். அவுகளுக்கு ஒண்ணும் ஆகிரலையே?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்று நான் சத்தியம் செய்தும் நம்பாமல், துக்க வீட்டைக் கடக்கிறவர் மாதிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் போனார், ஏறவில்லை.

எந்தக் கேள்விக்கும் அது தயங்கவில்லை. அங்கேதான் வந்தது வினை. நம் தெரு அஸ்மா இருக்கிறாளே, அவளுடைய பூனை போன மாதம் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. அந்தப் பிள்ளை டேபின் முன்னால் போய் உட்கார்ந்து, "எங்க பூன சொர்க்கத்துக்குப் போயிருச்சா ஹஜ்ரத்?" என்று கேட்டாள். "நிச்சயமாகப் போய்விட்டது மகளே" என்றது அது. ஒரு கிதாபின் பெயரையும் சொல்லி, பக்கத்தையும் சொன்னது. பிள்ளை சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். அவள் அம்மா மனசு நெகிழ்ந்து நன்றி சொல்லத் தேனிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். ஹஜ்ரத், "நான் எப்பம்மா சொன்னேன்?" என்றிருக்கிறார். விஷயம் என் காதுக்கு வந்ததும் டேபை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நான் தேனிக்குப் போனேன். வழியெல்லாம் வயல்கள் பச்சையாக, சத்தமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தன. இந்த பஸ் போய்ச் சேராமலே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அது நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹஜ்ரத் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டேபைப் பேச விட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாரு இந்த ஹஜ்ரத்? குரல் கணீர்னு இருக்கே. எந்த ஊர்க்காரரு?"

"நீங்கதான் ஹஜ்ரத்" என்றேன்.

எந்தக் கிதாப், எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். மகளைக் கூப்பிட்டு அந்தக் கிதாபை எடுத்து அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். அதில் கிணற்றுத் தண்ணீர் எப்போது சுத்தம் என்ற பாடம் இருந்தது. பூனையும் இல்லை, சொர்க்கமும் இல்லை.

"பக்கீரு, அந்தப் பிள்ள ஏற்கெனவே எங்கிட்ட இதக் கேட்டுருச்சு. தெரியலத்தா, பாத்துச் சொல்றேன்னேன். பாக்கலாம்னு கிதாப எடுத்தா எழுத்தெல்லாம் புகையாத் தெரியுது. அதுக்குத்தானய்யா இந்த ஆபரேஷனையே பண்ணிக்கிட்டேன்! நான் கண்ண அறுத்துக்கிட்டுத் தேடுறத, எங் குரல வச்சே ஒரு பொய்யச் சொல்லி முடிச்சுப்புட்டீகளே."

சிக்கந்தர், அவர் அங்கேயே போனில் அஸ்மாவைக் கூப்பிட்டு, "ஆத்தா, அது நான் இல்ல. நான் இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். பிறகு அவள் சொன்னாள்: "எனக்கு அப்பவே தெரியும் ஹஜ்ரத். நீங்கன்னா உடனே சொல்ல மாட்டீக. ஆனா கேக்க ஆசையா இருந்துச்சு, அதான் நம்பிட்டேன்." ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றப் போனார். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கண்ணைத் துடைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம்.

ஆகவே அந்தக் குரலையும், குரலுக்குள் இருக்கும் அறிவையும், இருந்த இடம் தெரியாமல் அழித்துவிட்டு எனக்குத் தகவல் சொல். இனி நம் மதரஸாவில் மின்சாரத்தில் ஓடுவது காற்றாடி மட்டும்தான். உன் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் சலாம். உன் வேலையில் பரக்கத்தும், உன் மனசில் கேட்டுச் செய்கிற பழக்கமும் உண்டாகட்டும். மாமி உனக்கு முத்தம் சொன்னாள்.

துஆவுடன்,
மாமு பக்கீர் மைதீன்.

பின்குறிப்பு: அழித்துவிடாதே! கடிதத்தை ஒட்டப் போகும்போது ஹஜ்ரத்திடமிருந்து போன் வந்தது. கண் ஆறும்வரை படிக்கக் கூடாதாம்; மகளுக்கும் பகலெல்லாம் பள்ளிக்கூட வேலை. அதனால் அவர் குரலை மட்டும் எடுத்துவிட்டு வேறு ஏதாவது குரல் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். அது கிதாபை வாசிக்கலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. டேபை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் அல்லவா, அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார். மகள் பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுக்க, இப்போதைக்கு அவர் குரலிலேயே அது வாசிக்கிறதாம், இவர் கண்ணை மூடிக் கேட்கிறாராம். ஓர் எழுத்தைத் தப்பாக உச்சரித்தாலும் பிரம்பால் மேசையில் ஒரு தட்டு. மகள் சொல்கிறாள், ஒவ்வொரு தட்டுக்கும் அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிஸ்மில்லாஹ்விலிருந்து திரும்ப ஆரம்பிக்கிறதாம்.