அல்லது மிஸ்ஸும் என் நம்பர் பூட்டும்

அம்பத்தூர்க் கொசுக்களை எண்ணச் சொன்னாலும், நடுவில் இரண்டு 'அல்லது' போட்டு எண்ணி முடித்துவிடுவார் எங்கள் 'அல்லது மிஸ்'. கள்ளிக்குப்பத்தில் பக்கத்து ஃபிளாட். பிளஸ் டூ கணக்கு டீச்சர். "'அல்லது' வந்தா கூட்டு, 'மற்றும்' வந்தா பெருக்கு!" என்று டியூஷனில் அவர் போடும் சத்தம் லிஃப்டுக்குள் கேட்கும்.

தெருமுனைக் கடையில் மூன்று டிபன், மூன்று சட்னி. மொத்தம் ஒன்பது ஜோடி. ஒன்பதையும் முடிக்காமல் எதையும் மறுபடி தொட மாட்டார். "இன்னா மிஸ், இன்னிக்கு எது பாக்கி கீது?" என்பார் கடைக்காரர். ஒருநாள் அவர் வடையும் போட்டார். "வடையோட அல்லது வடை இல்லாம... அண்ணே, பதினெட்டு ஆயிடுச்சு!" மிஸ் கைதட்டிக் குதித்தார்.

என் மகளுக்குக் கல்லூரி கவுன்சிலிங். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் சூட்கேஸில். பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டின் நம்பரை மாற்றி, அதைப் பத்திரமாக மறந்தும் விட்டேன். கிளம்பும் நேரம். சுத்தியலை ஓங்கினேன். பிடி என் கையில் இருந்தது. தலை கழன்று பக்கத்து பால்கனிக்குப் போனது. அதை ஏந்திக்கொண்டு மிஸ் வந்தார்.

"யாரைக் கொல்லப் பார்த்தீங்க சார்?"

"பூட்டு மிஸ்! திறக்கும் அல்லது திறக்காது. ஐம்பதுக்கு ஐம்பது!"

மிஸ்ஸுக்கு முகம் சிவந்தது. "இன்னிக்கு நீங்க முதலமைச்சர் ஆவீங்க அல்லது ஆக மாட்டீங்க. அதுவும் ஐம்பதுக்கு ஐம்பதா? உட்காருங்க. என்ன ஞாபகம் இருக்கு?"

"மூணு இலக்கம். மூணும் ஒத்தைப்படை. வந்தது திரும்ப வராது. ஏழு... முதல்ல. இல்ல, கடைசில."

"முதல்ல அல்லது கடைசில! முதல்ல ஏழுன்னா அடுத்ததுக்கு நாலு வழி, அதுக்கடுத்து மூணு. பெருக்கினா பன்னிரண்டு. கடைசில ஏழுன்னா இன்னொரு பன்னிரண்டு. கூட்டுங்க, இருபத்துநாலு."

ஆயிரம் வழியில் பூட்டிக் கிடந்த சனியனை, மூச்சு விடும் நேரத்தில் இருபத்துநாலுக்குள் அடைத்துவிட்டார்! தானே பூட்டைத் திருப்பவும் ஆரம்பித்தார்.

713, 715, 719... ஏழில் தொடங்கிய பன்னிரண்டும் போயின. "ஆட்டோ கூப்பிடு... வேணாம், ஆம்புலன்ஸ் கூப்பிடு" என்று மனைவியிடம் புலம்பினேன். மிஸ்ஸோ ஒவ்வொரு நம்பர் தோற்கும்போதும் மலர்ந்துகொண்டே போனார். 137, 157... இருபத்துமூன்றாவதாக 937-ம் கைவிட்டது. மகள் அழ ஆரம்பித்தாள். அவளுக்கு முன்பே நான் ஆரம்பித்திருந்தேன்.

"இப்போ நிகழ்தகவு ஒன்று" என்றார் மிஸ்.

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒன்றுன்னா நிச்சயம் சார். நீங்களே திருப்புங்க."

957. 'டக்.'

மகள் சர்டிபிகேட்டுகளை அள்ளிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடினாள். படபடப்பு அடங்கியதும் கேட்டேன்: "மிஸ், என் ஞாபகமே தப்பா இருந்திருந்தா?"

"அதை நான் கணக்குலயே சேர்க்கலையே சார்."

கட்டிய மனைவிகூட என்னை அந்த அளவுக்கு நம்பியதில்லை.